ராஜா கைப்பிடியைப் பிடிக்கலாமா?

கொரட்டூரில் பிறந்த நாள் முதல் இன்றுவரை ஒருமுறைகூடக் கீழே விழாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் ஃபோர்மேன் லோகநாதன் ஒருவர்தான்.

இதைச் சொன்னவர் ஃபோர்மேன் லோகநாதன். சொன்னபோது அவர் சாக்கடைக்குள் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, விழுந்துட்டியா?" என்று கேட்டபடி ஓடிவந்தாள் நாகவல்லி. அவள் அவருடைய ஒரே மகள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

"யாரு விழுந்தது? உட்கார்ந்தேன்."

"சாக்கடையிலயா?"

"தண்ணி ஒழுங்கா ஓடுதான்னு ஊர்ல ஒருத்தனாவது பார்க்க வேணாமா? கையக் குடு."

லோகநாதனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. போல்ட்டும் நட்டும் செய்யும் தொழிற்சாலை அது. அவர் ஒரு சத்தம் போட்டால் இயந்திரங்கள்கூட ஆடாமல் நிற்குமாம். இதைச் சொன்னவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் கொஞ்ச காலமாக அடிக்கடி 'உட்கார' ஆரம்பித்திருந்தார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உட்கார்ந்தார். கரண்ட் போன நேரத்தில் கூடத்தில் நடந்தால் உட்கார்ந்தார். ஒருநாள் ரயில் நிலையத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார்.

"இன்னொண்ணு எங்கங்க?" என்று கேட்டார் நாகவல்லியின் அம்மா கன்னியம்மா.

லோகநாதன் குனிந்து பார்த்தார். ஒரு கால் வெறுங்காலாக இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"திருட்டுப் பசங்க," என்றார்.

"கால்ல போட்டுகினு நடக்கறப்பவா? ஒத்தச் செருப்ப எவன் திருடுவான்?"

"அவசரத்துல போயிருப்பான். இன்னொண்ண நாளைக்கு வந்து எடுத்துப்பான்."

கன்னியம்மா அந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கி மூலையில் போட்டார். மறுநாள் காலை அவரையும் நாகவல்லியையும் இழுத்துக்கொண்டு ஆவடிக்கு ரயிலேறினார்.

ஆவடியில் சர்க்கரை நோய் டாக்டர் ஒருவர் இருந்தார். பெயர் வஹீதுன்னிசா. லோகநாதனுக்குச் சர்க்கரை நோய் இருப்பது பல வருடமாகத் தெரிந்ததுதான். "லேசா கீது," என்பார். ஜாங்கிரி சாப்பிடும்போது அது இன்னும் லேசாகிவிடும்.

டாக்டர் மேசையிலிருந்து ஓர் இரும்புக் கவையை எடுத்தார். உண்டிவில்லின் கவை போலவே இருந்தது. அதைத் தட்டி முதலில் நாகவல்லியின் கால் கட்டைவிரலில் வைத்தார். விரல் முழுவதும் வண்டு புகுந்ததுபோல் 'உர்ர்ர்' என்று அதிர்ந்தது. நாகவல்லி சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க சார்," என்று டாக்டர் கவையை லோகநாதனின் கால் விரலில் வைத்தார். "கண்ணை மூடிக்குங்க. அதிர்றது தெரியுதா?"

"பிரமாதமா தெரியுது டாக்டரம்மா. உச்சந்தலை வரைக்கும் ஏறுது."

"நான் இன்னும் தட்டவே இல்ல சார்."

லோகநாதன் ஒரு கண்ணை மட்டும் திறந்து கவையைப் பார்த்தார்.

"சர்க்கரை ரொம்ப நாளா ஏறியே இருந்ததால பாதத்துல இருக்கிற நரம்பு கெட்டுப்போயிருக்கு," என்றார் டாக்டர். "தரை மேடா பள்ளமா, செருப்பு இருக்கா கழண்டுடுச்சா, இதெல்லாம் கால்தான் மூளைக்குச் சொல்லணும். உங்க கால் சொல்றது மேல வந்து சேரல. அதனால கண்ணால பார்த்துப் பார்த்து நிக்கிறீங்க. கண்ணை மூடினா விழுந்துடறீங்க."

"விழறதில்ல. உட்கார்றேன்."

"சரி. இப்படி ஒருநாள் உட்கார்ந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா, அப்புறம் எழுந்திருக்கறது ரொம்பக் கஷ்டம்."

அவர் அதட்டிச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் நாகவல்லி நைனாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு நல்ல மருந்தா எழுதுங்க," என்றார் லோகநாதன்.

"மருந்து சர்க்கரையைப் பார்த்துக்கும். விழாம இருக்கறதுக்குப் பயிற்சிதான்," என்று சொல்லிவிட்டு டாக்டரே எழுந்தார். கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றார். பிறகு ஒற்றைக் காலில் நின்றார். ஒரு காலின் விரலை அடுத்த காலின் குதிகால் தொடும்படி, சுவரோரமாகக் கோடு போட்டதுபோல் நடந்தார்.

"பிடிச்சுக்க ஏதாவது பக்கத்துல இருக்கணும். கூட ஓர் ஆள் நிக்கணும். வெறுங்காலோட நடக்கவே கூடாது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. ஏதாவது குத்தினாக்கூட உங்களுக்குத் தெரியாது."

திரும்பி வரும் ரயிலில் லோகநாதன் பட்டரவாக்கம் தாண்டும்வரை தன் பாதங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். தாண்டியதும் பொங்கினார்.

"டாக்டர்னா ஊசி போடணும். இந்தம்மா டான்ஸ் கத்துக்குடுக்குது! நான் ஃபோர்மேனு. ஒத்தக்கால்ல நிக்கறதா?"

"ஃபோர்மேனுக்கும் ரெண்டு காலுதான்," என்றார் கன்னியம்மா.

ஆனாலும் மனைவியின் தொல்லைக்காக மறுநாள் மாலை வாசலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. அது இராமகிருஷ்ணனின் தலை. அதே தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர்.

"இன்னா ஃபோர்மேன், ஏரியில மீன் இல்லன்னு கொக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துட்ச்சா?"

லோகநாதனின் கால் கீழே இறங்கியது. அதோடு பயிற்சியும் முடிந்தது.

இதற்கிடையே தொழிற்சாலை மனமகிழ் மன்றம் ஒரு மாபெரும் முடிவை எடுத்திருந்தது. மனமகிழ் மன்றம் என்பது கேண்டீனுக்குப் பக்கத்தில் ஓர் அறை. உள்ளே சிவப்புக் காய் இல்லாத ஒரு கேரம் போர்டு இருக்கும். அந்த மன்றம் பொங்கலுக்கு ஒரு சரித்திர நாடகம் போடப்போகிறது. பெயர் 'மண்ணில் வீழா மாமன்னன்'.

மாமன்னன் லோகநாதன். அமைச்சர் இராமகிருஷ்ணன்.

நாடகத்தை நடத்துபவர் உஸ்மான் கனி. பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருப்பவர். ராஜா உடுப்பு, ஒட்டுமீசை, அட்டைக் கிரீடம் எல்லாம் அவரிடம்தான் வாடகைக்குக் கிடைக்கும். அதனால் இயக்குநர் பதவியும் அவருக்கே கிடைத்துவிட்டது.

ஒத்திகை கேண்டீனில் நடந்தது. நைனாவுக்கு மோர் கொண்டுபோகும் சாக்கில் நாகவல்லியும் தினமும் அம்மாவோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

மன்னர் அரசவைக்குள் நுழைந்தார். நாலு பெஞ்சுகளை அடுக்கிப் படி செய்திருந்தார்கள். மன்னர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"மன்னா, கீழ இன்னா தேடற? எட்டணா விழுந்துட்ச்சா?" என்றார் உஸ்மான் கனி.

"கம்பீரமா பார்க்கறேன் பாய்."

"கம்பீரம் மேல கீதுப்பா. மேல பாரு."

மன்னர் மேலே பார்த்தார். அடுத்த படியில் கால் எங்கேயோ போனது. மன்னர் அமைச்சரின் மடியில் உட்கார்ந்தார்.

"விழல!" என்றார் மன்னர்.

"அப்ப எழுந்திரு. மூச்சு முட்டுது," என்றார் அமைச்சர்.

உஸ்மான் கனி தலையில் கை வைத்துக்கொண்டார். "லோகநாதா, நாடகத்தோட பேரே மண்ணில் வீழா மாமன்னன். நீ தினமும் விழற. இன்னொரு வாட்டி விழுந்தா இராமகிருஷ்ணன்தான் ராஜா. எனக்கு வேற வழி இல்ல."

"எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்ல பாய்," என்றார் இராமகிருஷ்ணன் அடக்கமாக. "ராஜா வசனம் மட்டும் மனப்பாடமா தெரியும். கிரீடம் சும்மா ஒரு வாட்டி வெச்சுப் பார்த்தேன். சரியா கீது."

அன்று இரவு லோகநாதன் சரியாகச் சாப்பிடவில்லை. முறுக்குகிற மீசையை முறுக்கவில்லை. நைனா ராஜாவாக நடிக்காவிட்டால் வருத்தப்படுவார். நடித்து விழுந்தால் இடுப்பு உடையும். இரண்டில் எது நடந்தாலும் நாகவல்லிக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஒத்திகையில் மன்னர் அரியணையிலிருந்து எழுந்தார். இரண்டு கைப்பிடிகளையும் அழுத்திப் பிடித்து, "அம்மாடி" என்று முனகிக்கொண்டு எழுந்தார். நாகவல்லி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மோர்ச் சொம்போடு உஸ்மான் கனியிடம் போனாள்.

"பாய் மாமா, ராஜா எழுந்திருக்கறப்ப கைப்பிடியப் பிடிப்பாரா?"

"ஏம்மா கேக்கற?"

"ஒரு கையில செங்கோல் கீது. இன்னொரு கையில வாள் கீது. அப்பால எந்தக் கையால பிடிப்பாரு?"

உஸ்மான் கனி மோரைக் குடிக்காமல் யோசித்தார்.

"அட, ஆமா! பிடிக்க ஏது கை?"

நாகவல்லி டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் காதில் சொன்னாள். கட்டைவிரல், இரும்புக் கவை, ஒற்றைக் கால், எல்லாவற்றையும். "டாக்டர் சொன்னாங்கன்னா நைனா செய்ய மாட்டாரு. ராஜா செய்வாருன்னா செய்வாரு."

உஸ்மான் கனி மோரை ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கூவினார்.

"எல்லாரும் கேளுங்கப்பா! இனிமே மன்னர் கைப்பிடியத் தொடக் கூடாது. கைப்பிடியப் பிடிச்சு எழுந்திருக்கறவன் ராஜா இல்ல. சலூன்ல முடி வெட்டிக்கினு எழுந்திருக்கறவன்!"

லோகநாதனின் மார்பு விரிந்தது. "அதத்தான் நானும் ரெண்டு நாளா நினைச்சுகினு கீறேன்," என்றார்.

அன்று மாலையே வீட்டில் அரச லட்சணம் ஆரம்பமாயிற்று. சுவரோரமாக நாற்காலியைப் போட்டு லோகநாதன் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். முதலில் தொடை நடுங்கியது. சில சமயம் எழுவதற்குள் நாற்காலியே அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நாகவல்லி பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்தடுத்த ஒத்திகைகளில் உஸ்மான் கனி புதிய விதிகளைக் கொண்டுவந்தார். மன்னர் கோட்டை மதிலுக்கு மேல் எட்டி எதிரிப் படையைப் பார்க்க வேண்டும். அதற்கு மதிலைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்க வேண்டும். அரச நடை என்றால் சும்மா நடப்பதில்லை. விரலுக்கு முன்னால் குதிகால் வரும்படி, ஒரே நேர்கோட்டில் வர வேண்டும்.

"எந்த ராஜா இப்டி நடந்தான்?" என்று கேட்டார் இராமகிருஷ்ணன்.

"நீ எந்த ராஜாவப் பார்த்த?" என்று கேட்டார் உஸ்மான் கனி. இராமகிருஷ்ணன் தன் வசனத் தாளைப் புரட்ட ஆரம்பித்தார்.

வீட்டில் சமையலறை அலமாரிதான் மதில். கன்னியம்மா துணிக்கு நீலம் போட்டுக்கொண்டே, "எதிரி வர்றானா?" என்று கேட்பார். "இன்னும் வரல," என்று நுனிக்காலில் நின்றபடி சொல்வார் லோகநாதன். "வந்தா ரேஷன் கடையில மண்ணெண்ணெய் வந்துட்ச்சான்னு கேளுங்க," என்பார் கன்னியம்மா.

சுவருக்கு மேல் மறுபடியும் அந்தத் தலை தெரிந்தது.

"ஒத்திகை!" என்று கர்ஜித்தார் லோகநாதன், ஒற்றைக் காலில் நின்றபடியே. தலை மறைந்தது. சிறிது நேரம் கழித்துப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. உட்கார்வதும் எழுவதுமாக அது விடாமல் கிறீச்சிட்டது.

ஒற்றைக் கால் பயிற்சிக்குப் பாதபூஜை என்று பெயர் வைத்தது நாகவல்லிதான். மன்னர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்பக்கம் தூக்க வேண்டும். அவள் பாதத்தைத் துடைத்து, திருப்பிப் பார்ப்பாள். பிறகு அடுத்த கால்.

ஒருநாள் அப்படித் துடைக்கும்போது துணியில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசி, தலை மட்டும் வெளியே தெரியும்படி ஏறியிருந்தது. உஸ்மான் கனி அளவு பார்க்கத் துணியில் குத்தும் ஊசிதான். உடுப்பு போட்டுப் பார்க்கும்போது கீழே விழுந்திருக்க வேண்டும்.

"நைனா… வலிக்கலியா?"

"எது?"

கன்னியம்மா ஓடிவந்து அதைப் பிடுங்கினார். லோகநாதன் அந்த ஊசியைக் கையில் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"எப்பலேர்ந்து கீது இது?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அன்று முதல் தடவையாக அவர் எதையும் வேறு பெயர் சொல்லிச் சமாளிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கன்னியம்மாவோடு டாக்டரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

காயம் ஆறும்வரை உட்கார்ந்து எழும் பயிற்சி மட்டும்தான். அதையும் மாமன்னர் மெதுவாகத்தான் செய்தார். பாதுகைக்குப் பதிலாக கேன்வாஸ் ஷூவைப் போட்டு, மேலே தங்கக் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம் என்று நாகவல்லி சொன்னபோது மறுக்கவில்லை.

பொங்கல் வந்தது. ஏரிக்கரைப் பக்கத்து மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். சுற்று வட்டாரமே பாயோடும் குழந்தைகளோடும் வந்து உட்கார்ந்துவிட்டது. அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்பதால் மைக் செட்காரர் மைக்குக்கு மட்டும் லாரி பேட்டரி கொடுத்திருந்தார். "விளக்கு போனாலும் வசனம் போவாது," என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

நாகவல்லி மேடையின் ஓரப் படுதாவுக்குப் பின்னால் நின்றாள். நாடகம் கடைசிக் காட்சிக்கு வந்திருந்தது. மன்னர் மேடையில் அடுக்கியிருந்த உயரமான படிகளில் இறங்கி, அரசவைக்கு வந்து, அரியணையில் அமர வேண்டும்.

லோகநாதன் வந்தார். தலை நிமிர்ந்திருந்தது. குதிகாலும் விரலும் ஒரே கோட்டில் வந்தன. கூட்டம் வாயைப் பிளந்தது. மன்னர் முதல் படியின் விளிம்பில் நின்று வாயைத் திறந்தார்.

கரண்ட் போனது.

மைதானம் முழுவதும் ஒரே இருட்டு. "ஹோ" என்று குழந்தைகள் கத்தினார்கள். நாகவல்லி கத்தவில்லை. கண்ணை மூடினால் நைனா விழுவார் என்று டாக்டர் சொன்னார். இப்போது ஊரே கண்ணை மூடிக்கொண்டதுபோல் இருந்தது. படியின் விளிம்பில் கேன்வாஸ் ஷூ பலகையைத் தேய்க்கும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

அவள் படுதாவை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். கையால் தடவிப் படியைக் கண்டுபிடித்தாள். ஏறி, பட்டுத்துணி தட்டுப்பட்ட இடத்தில் நின்றாள்.

"நைனா, நான்தான்."

இருட்டில் ஒரு பெரிய கை அவள் தோளைத் தேடிப் பிடித்தது.

"வல்லி… என் காலு எங்க கீதுன்னே எனக்குத் தெரியல கண்ணு."

அவர் காதோடுதான் சொன்னார். ஆனால் அவருடைய மார்புக்கு நேரே மைக் தொங்கிக்கொண்டிருந்தது. லாரி பேட்டரி நன்றாக வேலை செய்தது. 'என் காலு எங்க கீதுன்னே எனக்குத் தெரியல' என்பது ஏரியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

குழந்தைகளின் சத்தம் நின்றது.

"நகராத நைனா," என்றாள் நாகவல்லி. அதுவும் ஏரிக்குப் போனது. "லைட்டு வர்ற வரைக்கும் இங்கியே நிப்போம். என்னப் புடிச்சுக்க. கைப்பிடியத்தான் தொடக் கூடாது. என்னப் புடிக்கலாம்."

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செங்கோல் எங்கோ உருண்டு போனது.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "எனக்கும் அப்டித்தான்பா கீது! காலு இல்லாத மாரியே கீது!"

"எங்க ஊட்டுக்காரரும் தினமும் முத்தத்துல விழறாரு. கேட்டா வழுக்கிடுச்சுன்றாரு," என்றது ஒரு பெண் குரல்.

"அடியே, ஊர்ல சொல்ற விஷயமா அது?" என்றது பக்கத்திலேயே இன்னொரு குரல்.

கூட்டம் சிரித்தது. லோகநாதனும் சிரித்தார். அவர் வயிறு குலுங்குவது நாகவல்லியின் முதுகில் தெரிந்தது. அவருடைய பிடி கொஞ்சம் தளர்ந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நின்ற இடத்திலேயே, இருட்டைப் பார்த்து வசனத்தை ஆரம்பித்தார்.

"கேளுங்கள் மக்களே! இந்த மண்ணில் என்னை வீழ்த்த எவனாலும் முடியாது! வீழ்வது என் குலத்திலேயே கிடையாது!"

"அப்ப எங்க கீதுப்பா காலு?" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் மைதானத்தை அதிரவைத்தது.

அந்தக் கைதட்டலில்தான் விளக்கு வந்தது. படி மேல் மாமன்னர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கைகளுக்கு நடுவே பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடையில் நாகவல்லி நின்றாள். படுதாவுக்குப் பின்னால் உஸ்மான் கனி ஒட்டுமீசைப் பெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மன்னர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"இவள் என் மெய்க்காப்பாளர்!" என்று அறிவித்தார். அவள் தோளில் ஒரு கையை வைத்தபடி, நேரே பார்த்துப் படியிறங்கினார். அரியணையில் அமர்ந்தார். பிறகு இடுப்பிலிருந்த வாளை உருவி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எதையும் பிடிக்காமல், நெல் நாற்று நிமிர்வதுபோல் எழுந்தார்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றார். அங்கே அடுப்பு இல்லை.

நாடகம் முடிந்ததும் இராமகிருஷ்ணன் ஒப்பனை அறைக்கு வந்தார். அமைச்சர் தாடியை இன்னும் கழற்றவில்லை.

"லோகு, அந்தக் காலு தெரியாத விஷயம்… எத்தினி நாளா?"

"உனக்கு இன்னாத்துக்கு?"

"சும்மா கேட்டேன்." இராமகிருஷ்ணன் தாடியை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு விரல்ல எப்பவும் எறும்பு ஊர்ற மாரி கீது. குனிஞ்சு பார்த்தா எறும்பு இல்ல. நாற்காலியில உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். நீ எழுந்திருக்கற மாரி வரல."

"மாமா, மொதல்ல ஆவடி டாக்டரம்மாகிட்ட காட்டுங்க," என்றாள் நாகவல்லி. "நைனாவும் கூட வருவாரு. அங்க ஓர் இரும்புக் கவை கீது. அவங்க தட்டறதுக்கு முன்னாடி தெரியுதுன்னு சொல்லிடாதீங்க."

லோகநாதன் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் மறுக்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் லோகநாதன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாற்காலிகள் வரிசையாகச் சுவரோரம் வந்துவிட்டன. இராமகிருஷ்ணன் வந்தார். இருட்டில் குரல் கொடுத்தவர் வந்தார். முற்றத்தில் வழுக்குகிறவரை அவர் மனைவியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டுப் போனார். எல்லோரும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். ஆனாலும் லோகநாதன் முன்னால் நின்று, இது தாமே ஆராய்ந்து கண்டுபிடித்த அரச கலை என்று விளக்கினார்.

"கண்ணை மூடிகினு நிக்கறது எப்டி ஃபோர்மேன்?" என்று கேட்டார் இராமகிருஷ்ணன்.

"அது எடுத்த எடுப்புல யாருக்கும் வராது. மனசுல உறுதி வேணும்," என்றார் லோகநாதன். எதிர்ச் சுவரில் முதுகு படாமல் நின்றார். மார்பை நிமிர்த்தினார். கண்ணை மூடினார். "பாருங்க. பிடிப்பு இல்ல. துணை இல்ல. அசையறேனா?"

அவர் அசையவில்லை. நாற்காலியிலிருந்தவர்கள் ஆச்சரியத்தோடு பார்த்தார்கள்.

அவருக்கும் சுவருக்கும் நடுவே நாகவல்லி நின்றிருந்தாள். முதுகுக்குப் பின்னால் அவருடைய வலது கை அவளுடைய சடையைப் பிடித்துக்கொண்டிருந்தது.